ஆடியில் காய்ந்த சட்டைகள்

அத்தியாயம் 5

நாலு நாளாகியும் காயாத சேலையைக் கட்டிக்கொண்டு ஒரு மனுஷி எத்தனை நேரம்தான் நல்லவளாக இருக்க முடியும்? துப்பறியும் மருதாம்பாளுக்கு அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கே பொறுமை தீர்ந்துபோயிற்று. இடுப்பில் ஜில்லென்று ஒட்டிக்கொண்ட கொசுவத்தை இழுத்து விட்டபடி, மாடிப்படியில் துணி மூட்டையோடு நின்ற சலவைக்காரர் சங்கிலியைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க சங்கிலி, செவ்வாக்கெழம குடுத்த சேலைங்க. புழிஞ்சா இன்னும் ஒரு சொம்புத் தண்ணி வரும்போல இருக்குது. இதுக்குப் பேரு சலவைங்களா?”

“ஆடி மாசமுங்கம்மா. சூரியனே லீவு போட்டுட்டுப் போயிட்டான். நான் என்ன பண்ணட்டுங்க? ஊட்டியில ஒருத்தர் ஊட்டுத் துணியும் காயலீங்க. லவ்டேல்ல ஒரு சலவைக் கூடத்துல மட்டும் சூட்டு ரூம் வெச்சிருக்கறாங்க. பாய்லரப் போட்டு ரூமையே சூடாக்கி, உள்ளுக்குள்ள கொடி கட்டிக் காயப்போட்டுருவாங்க. மத்தியானத்துக்குள்ள மொறுமொறுன்னு ஆயிருமுங்க.”

“அப்ப என்ற சேலைய அங்க போடறதுக்கென்ன?”

“போர்டிங் ஸ்கூல் துணியத் தவிர வேற தொடமாட்டாங்களே!”

“தொடமாட்டாங்கன்னா அத எதுக்குங்க என்றகிட்டச் சொல்றீங்க? வயித்தெரிச்சலக் கெளப்பவா?”

சங்கிலி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். மருதாம்பாள் கதவைப் படாரென்று சாத்தினாள். கீழே மார்க்கெட் காரட் மண்டி வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும்.

“மேடம், கதவு என்ன பாவம் பண்ணுச்சு? அதுவும் ஈரத்துலதான் ஊறிக்கிட்டுக் கெடக்கு” என்றான் டக்ளஸ். அவளுடைய உதவியாளன். நடுவட்டம் பக்கத்து எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவன். அப்பாவும் அம்மாவும் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வாய் மட்டும் அவனுடைய சொந்தச் சம்பாத்தியம்.

“பேசாம அந்த போன்ல இருக்கற குரூப்பப் படிடா.”

“ரெண்டு நாளாப் படிக்கிறேன் மேடம். நாப்பத்தி நாலு பேரோட மூட்டு வலியும் எனக்கு வந்திருச்சு.”

கேஸைக் கொண்டுவந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜகுமாரி இதற்குச் சிரிக்கவில்லை. சிரித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாற்பது வயது. தேயிலைச் சாறு ஏறிக் கறுத்துப்போன விரல்களை மடியில் கோத்துக்கொண்டு, சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு அவளுக்குக் கெடு.

அவள் விஷயம் இதுதான். தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போன வருஷம் அது. நடுவட்டம் டார்னெல் எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. முன்பெல்லாம் தினமும் விடியலில் எல்லாரும் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். வேலையை மேற்பார்க்கும் கங்காணி பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டு முடிகிறவரை என்ன கறி, யாருக்கு இருமல், யார் மாமியார் சண்டை என்று ஊர்க்கதை ஓடும். வேலை குறைந்ததும் பெரட்டு போயிற்று. பேச்சும் போயிற்று. அதைத் தாங்க முடியாமல் ராஜகுமாரி போனில் ஒரு குரூப் ஆரம்பித்தாள். பெயரே ‘பெரட்டு’. காலையில் கண் விழித்ததும் ஆளாளுக்கு ‘வந்துட்டேன்’ என்று போட வேண்டும். அப்புறம் நாள் முழுக்க அரட்டை. அக்கம்பக்கத்து எஸ்டேட் ஆட்களும் சேர்ந்து, நாற்பத்து நாலு பேர் ஆனார்கள்.

அந்த அரட்டையில்தான் ஒரு நாள் சேதி வந்தது. முதலாளி ஃபேக்டரி மெஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றப்போகிறான். மெஷின் போனால் ஃபேக்டரி இனித் திறக்காது. வெள்ளிக்கிழமை விடியலில் எல்லாரும் கேட்டுக்கு முன்னால் உட்காருவது என்று குரூப்பிலேயே முடிவாயிற்று. லாரியோ வியாழக்கிழமை பகலிலேயே வந்து, எல்லாரும் மலையின் அந்தக் கோடியில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது மெஷின்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் கேட்டில் நோட்டீஸ். ஜெகதீசன், எல்லப்பன், கருப்புசாமி என மூன்று பேர் சஸ்பெண்ட். நோட்டீஸுக்குப் பக்கத்தில் குரூப் பேச்சு அப்படியே பிரிண்ட் போட்டு ஒட்டியிருந்தது.

குரூப்பை ஆரம்பித்தவள் ராஜகுமாரி. அவள் பேரில் நடவடிக்கை இல்லை. அவள்தான் காட்டிக் கொடுத்தாள் என்று ஊர் சொல்ல அது போதாதா?

“லயத்துப் பீலிக் குழாயில தண்ணி புடிக்கப் போனா, என் கொடத்தத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறாங்கம்மா” என்றாள் ராஜகுமாரி. “என் வீட்டுக்காரரு பரமசிவன், துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு அவரு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாரு. இன்னைக்கு நாலு மணிக்கு மாரியம்மன் கோயில்ல கூட்டம். என்னைய ஒதுக்கி வைக்கிறதுன்னு முடிவு எடுத்தாச்சு. சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஜெகதீசன் அண்ணன்தான் தலைமை.”

மருதாம்பாளுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தோட்டத்தை மூடுகிறவன் பங்களாவில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இங்கே ஒரு கொழுந்து எடுக்கிற பொம்பளையின் குடத்தைத் தூக்கி எறிகிறார்கள். நன்றாக இருக்கிறது நியாயம்!

“அந்த நாப்பத்தி நாலுல ஒரு ஆளு பொய்யி. அத இன்னிக்கே கண்டுபுடிச்சாகோணும்” என்று சொல்லிக்கொண்டே மேஜையில் கிடந்த ராஜகுமாரியின் போனை எடுத்தாள். விரல் மேலும் கீழும் ஓடியது. சாம்பார், இருமல், அட்டைக் கடி, வராத பஸ். ஓரிடத்தில் நின்றது.

“டக்ளசு. சங்கிலி என்னடா சொன்னான் இப்ப?”

“சூரியன் லீவுன்னாரு.”

“அதுக்கப்பறம்?”

“லவ்டேல்ல சூட்டு ரூம். மத்தியானத்துக்குள்ள மொறுமொறு.”

“இதப் படி.”

பதினைந்து நாளைக்கு முந்திய பேச்சு. ராஜகுமாரி எழுதியிருந்தாள்: ‘ரெண்டு சேலைய அடுப்புக்கு மேல தொங்கவிட்டு நாலு நாளாச்சு. காயவும் இல்ல, பொகை நாத்தமும் போகல.’ அதற்கு ‘பனிப்பூ’ என்ற பெயரில் பதில்: ‘நான் இன்னைக்கு கெட்டிக்காரி அக்கா! வெள்ளச் சட்டை மட்டும் இருபத்தாறு. பகலுக்குள்ள காஞ்சு, மடிச்சு அடுக்கியாச்சு.’

டக்ளஸ் இரண்டு முறை படித்தான். “இருபத்தாறு வெள்ளச் சட்டையா? புருஷன் என்ன வெங்காயமா மேடம், மேல மேலப் போட்டுக்க?”

“அது கெடக்கட்டும். ஆடி மாசத்துல, நடுவட்டத்துல, பகலுக்குள்ள துணி காயுதாமா! இத முப்பது பேரு பாத்து லைக் வேற போட்டிருக்கறாங்க. ஒருத்தருக்காச்சும் ஒறைச்சுதாடா?”

“பனிப்பூ நல்ல புள்ளைங்கம்மா” என்று பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டாள் ராஜகுமாரி. “பக்கத்து எஸ்டேட்டுல கொழுந்து எடுக்குது. மாமியாக்காரி பொல்லாதவ, அதான் சொந்தப் பேரு போடல.”

“நேர்ல பாத்திருக்கறயா அம்மிணி?”

ராஜகுமாரி மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“குரல் கேட்டிருக்கறயா?”

“இல்லம்மா. ஆனா இந்த ஒரு வாரமா எங்கூடப் பேசுற ஒரே ஆளு அதுதான். தெனமும் ‘சாப்டியா அக்கா’ன்னு கேக்கும். அதப் போயி...” சொல்லி முடிக்காமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மருதாம்பாள் பல்லைக் கடித்தாள். கூட இருந்துகொண்டே காலை வாரிவிட்டு, ‘சாப்டியா’ என்று வேறு கேட்பாளா ஒருத்தி? “நீ பஸ் ஏறு அம்மிணி. நாலு மணிக்கு நீ அங்க இல்லீன்னா, ஓடிட்டான்னு சொல்லிப்புடுவாங்க. போன் என்றகிட்ட இருக்கட்டும். நான் வர்ற வரைக்கும் எவன் என்ன சொன்னாலும் எடத்த விட்டு நவுராத.”

*

லவ்டேல் ஸ்டேஷனுக்குக் கீழே, சரிவில் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது. சூட்டு ரூம் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. கொடி கொடியாக வெள்ளைச் சட்டைகள். எட்டுப் பெண்கள் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“மேடம், அஞ்சு நிமிஷம் இங்கேயே நில்லுங்க. சேலையும் காஞ்ச மாதிரி, கேஸும் முடிஞ்ச மாதிரி.”

“வாய மூடிட்டு, ராஜகுமாரி போன்ல இருந்து பனிப்பூவுக்கு ஒரு மெசேஜ் போடு.”

“என்னன்னு?”

“அவங்க தெனமும் என்ன கேட்டுக்குவாங்களோ அதயே.”

டக்ளஸ் தட்டினான்: ‘இன்னைக்கு என்ன கறி?’

மூன்றாவது கொடிக்குப் பின்னால் டிங் என்று ஒரு சத்தம். முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பெண், இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து பதில் தட்டினாள். டக்ளஸின் கையிலிருந்த போன் உடனே டிங் என்றது.

“முள்ளங்கி சாம்பாராம் மேடம்” என்றான் அவன்.

மருதாம்பாள் நேராகப் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் திருப்பினாள். சோடாவிலும் சோப்பிலும் ஊறி, வெளுத்துச் சுருங்கிப்போன விரல்கள். கறை என்பது மருந்துக்குக்கூட இல்லை.

“ஏனுங்க பனிப்பூ, கொழுந்து எடுக்கற கைங்களா இது?”

 அவளைக் கொட்டகைக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள் மருதாம்பாள். அப்புறம் கேட்க வேண்டுமா? “அந்தப் பொம்பள உன்னய நம்பி உசுர வெச்சிருக்கறா. நீ இங்க உக்காந்துட்டுப் பேரு பொய்யி, ஊரு பொய்யி, வேல பொய்யின்னு... எவன்டி சொல்லிக் குடுத்தான் உனக்கு? மேனேஜர் தொரையா?”

“அய்யோ, சத்தியமா இல்லைங்கம்மா! என் பேரு ரஞ்சனி. எனக்கு எந்தத் தொரையையும் தெரியாது.”

விம்மி விம்மி அவள் சொன்னது இவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் வேலை பார்த்த தோட்டத்தை மூடிவிட்டார்கள். வேலைப் பட்டியலிலிருந்து எல்லார் பேரையும் ஒரே நாளில் வெட்டினார்கள். புருஷன் பிழைப்புத் தேடித் திருப்பூர் போனவன் போனவன்தான். அவள் இங்கே சட்டை துவைக்க வந்தாள். யாரோ சொல்லி ‘பெரட்டு’ குரூப் தெரிந்தது.

“மொத நாளு ‘வந்துட்டேன்’னு போட்டேங்கம்மா. ராஜியக்கா ‘வாம்மா’ன்னு போட்டாங்க. கங்காணி என் பேரக் கூப்ட்ட மாதிரியே இருந்துச்சு. பேரு வெட்டுனவன்னு சொன்னா பெரட்டுல நிக்க விடுவாங்களா? அதான், இன்னமும் கொழுந்து எடுக்கிறதாச் சொல்லிட்டேன். அது ஒண்ணுதான் பொய்யி. நான் யாரையும் காட்டிக் குடுக்கல.”

 டக்ளஸ் காலால் ஒரு விறகுத் துண்டைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பாவின் பேரையும் ஒரு நாள் வெட்டியிருந்தார்கள்.

மருதாம்பாளுக்கோ கோபம் போக இடமில்லாமல் தவித்தது. கிடைத்த ஒரே நூலும் அறுந்துபோயிற்று. மணி ஒன்றேகால். “அப்ப ராஜகுமாரியத் தள்ளி வெக்கறது உறுதின்னு ஆயிப்போச்சு. ஜெகதீசன் நாலு மணிக்குத் தீர்ப்புச் சொல்லீருவான்” என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

ரஞ்சனியின் விசும்பல் பட்டென்று நின்றது. “ஜெகதீசன் அண்ணனா தீர்ப்புச் சொல்றது?”

“ஏன்?”

அவள் உதட்டைக் கடித்தாள். கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய், ஒரு துணிப்பையையும் ஒரு வெள்ளைச் சட்டையையும் எடுத்துவந்தாள். சின்னச் சட்டை. பத்து வயதுப் பெண் பிள்ளை போடுகிற அளவு. காலரின் இடது முனை நைந்து, கடித்துக் கடித்து ஓட்டையாகியிருந்தது.

“அண்ணன் குரூப்புல தெனமும் என்ன எழுதுவாரு, ஞாபகம் இருக்காம்மா?”

மருதாம்பாளுக்கு நினைவிருந்தது. இரண்டு நாளாக அதைத்தானே படித்தாள்? ‘என் மக ப்ரியா இன்னைக்கும் காலரக் கடிச்சே ஓட்டை போட்டுட்டா. நடுவட்டம் ஸ்கூல்ல வாத்தியாரு என்னையத் திட்டுறாரு’ என்று, லயத்தில் இல்லாமல் நடுவட்டம் ஊருக்குள் வாடகை வீட்டில் இருந்த அப்பன் புலம்புவான். ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை போடுவார்கள்.

“பையப் பாருங்கம்மா” என்றாள் ரஞ்சனி.

ஒவ்வொரு பிள்ளையின் அழுக்குத் துணிப் பையிலும் பேர் எழுதியிருப்பது அங்கே வழக்கம். பேருக்குக் கீழே, ஊரில் அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பான ஆள் யாரென்றும் எழுதியிருக்கும். அழியாத மையில் இருந்தது: ஜெ. ஷண்முகப்ரியா. கார்டியன்: மேனேஜர், டார்னெல் எஸ்டேட், நடுவட்டம்.

டக்ளஸ் விசிலடித்தான். “சஸ்பெண்ட் ஆன ஆளோட மகளுக்கு, சஸ்பெண்ட் பண்ணுன ஆளே கார்டியனா!”

“ஜூன்லயே இங்க போர்டிங்குல சேந்த புள்ளைங்க” என்றாள் ரஞ்சனி. “‘இன்னைக்கும் கடிச்சுட்டா’ன்னு அவரு எழுதறப்ப, அந்தச் சட்டை என் கையில இருந்துச்சு.”

“எத்தன நாளாத் தெரியும் உனக்கு?”

“பதினஞ்சு நாளா. சொன்னா, உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாங்க. நான் இங்க இருக்கிறது வெளிய வந்திரும். அப்பறம் ராஜியக்கா எங்கூடப் பேசவே மாட்டாங்க.”

அவ்வளவுதான். காலையிலிருந்து சேர்த்து வைத்த அத்தனை கோபமும் மருதாம்பாளிடமிருந்து வெடித்தது. “பதினஞ்சு நாளு! லாரி போச்சு. ஃபேக்டரி போச்சு. அவ கொடத்தத் தூக்கி எறிஞ்சானுக. கட்டுன புருஷன் ஊட்ட விட்டுப் போயிட்டான். நீ எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, ‘சாப்டியா அக்கா’ன்னு கேட்டுட்டு இருந்திருக்கற! கேக்கறதுக்கு உனக்கு வாய் எப்படிடி வந்துச்சு?”

ரஞ்சனி அந்தச் சின்னச் சட்டையை மடிக்க ஆரம்பித்தாள்.

“நான் இப்ப நடுவட்டம் போறேன். வர்றதும் வராததும் உன்ற இஷ்டம். கையப் புடிச்சு இழுக்கமாட்டேன். வந்தா இந்த வேலை போனாலும் போவும், அதயும் சொல்லீர்றேன்.”

ஜீப் கிளம்பி, திருப்பத்தை நெருங்கிவிட்டது. கண்ணாடியில் பார்த்த டக்ளஸ் சட்டென்று பிரேக்கை மிதித்தான். நனைந்த ரோட்டில் ரஞ்சனி ஓடிவந்துகொண்டிருந்தாள். பையும் சட்டையும் நனையாமல் முந்தானைக்குள் இருந்தன.

*

நடுவட்டத்தில் மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. மாரியம்மன் கோயிலின் தகரக் கொட்டகையில் நெருக்கியடித்துக்கொண்டு நூறு பேர் இருந்தார்கள். தூணோரம் ராஜகுமாரி தனியாக நின்றாள். அவளைச் சுற்றி இரண்டு முழத்துக்கு ஆளில்லை. கூட்டத்தின் நடுவே ஜெகதீசன். வெள்ளை வேட்டி, கழுத்தில் மஃப்ளர், நல்ல கனத்த குரல்.

“எனக்கு அவ மேல தனிப்பட்ட கோவம் இல்ல. நான் வேலைய இழந்தவன். அத விடுங்க. ஆனா நம்ம பேச்ச வித்தவ நம்ம பீலியில தண்ணி குடிக்கலாமா? நீங்களே சொல்லுங்க!”

“அதத்தாங்க நானும் கேக்க வந்தேன்” என்று ஈரச் சேலையோடு உள்ளே நுழைந்தாள் மருதாம்பாள். பின்னால் டக்ளஸ். முக்காடு போட்ட ஒரு பெண் கடைசியில் நின்றுகொண்டாள்.

“யாரும்மா நீ?”

“ராஜகுமாரி கூப்ட்டு வந்தவளுங்க. சண்டைக்கு வரலீங்க. ரெண்டே ரெண்டு சந்தேகம். உங்க மக ப்ரியா சௌக்கியமுங்களா? குரூப்புல படிச்சேன். காலரக் கடிக்கறாளாமா!”

கூட்டத்தில் சிலர் லேசாகச் சிரித்தார்கள். ஜெகதீசனும் சிரித்தான். “அந்தக் கழுத திருந்தாதுங்க. நேத்துக்கூட ஒண்ண ஓட்டை போட்டா.”

“எங்கீங்க இப்ப? காணோமே?”

“காய்ச்சலுங்க. மேட்டுப்பாளையத்துல அவ அம்மாச்சி வீட்டுல விட்டிருக்கேன். நாலு நாளாச்சு.”

“மேட்டுப்பாளையத்துல கடிச்சா லவ்டேல்ல ஓட்டை விழுது மேடம். என்னா பல்லு!” என்றான் டக்ளஸ்.

ஜெகதீசனின் சிரிப்பு அப்படியே நின்றது. மருதாம்பாள் பின்னால் திரும்பித் தலையசைத்தாள். ரஞ்சனி முன்னால் வந்தாள்.  பையையும் சட்டையையும் எல்லப்பனிடம் நீட்டினாள். சஸ்பெண்ட் ஆன மூவரில் ஒருவர். தலை முழுக்க நரைத்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். கார்டியன் பேரை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

கருப்புசாமி பையை வாங்கித் தானும் பார்த்தான்.

“இது... இது யாரோ செஞ்ச சதி” என்றான் ஜெகதீசன்.

“சதின்னா, மேனேஜர் தொரைக்கு இங்கிருந்தே ஒரு போன் போடலாமுங்க. ‘உங்க பொறுப்புல இருக்கற புள்ள எப்படி இருக்கறா’ன்னு கேக்கறேன். போடட்டுங்களா?”

அவன் மருதாம்பாளைப் பார்த்தான். ஓட்டை விழுந்த காலரைப் பார்த்தான். திடீரென்று கத்தினான். “ஆமா! நான்தான் குடுத்தேன்! அதுக்கு என்னாங்குறீங்க? எங்க தாத்தன் கொழுந்துக்காட்டுல செத்தான். எங்கப்பன் செத்தான். என் புள்ளயும் அட்டை கடிச்சே சாகணுமா? அந்த மெஷின் இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குப் போகத்தான் போகுது. போற மெஷினுக்கு என் புள்ளயாச்சும் பொழைக்கட்டும்னு நெனைச்சேன். தப்பா?”

“படிக்கட்டும்யா. அவ நல்லாப் படிக்கட்டும்” என்றார் எல்லப்பன்.  “அதுக்கு எங்க நூத்தம்பது குடும்பத்து அடுப்புதான் உனக்குக் கெடச்சுதா? அதுவும் பத்தலன்னு, இந்தப் பொம்பள தலையில பழியப் போட்டு, அவளுக்குத் தீர்ப்புச் சொல்ல நீயே வந்து நின்ன பாரு... தூ!”

கூட்டம் கொதித்து எழுந்தது. கருப்புசாமி ஜெகதீசனின் மஃப்ளரைப் பிடித்தேவிட்டான். இரண்டு பேர் இழுத்துப் பிரிக்க, ஜெகதீசன் யார் முகத்தையும் பாராமல் மழையில் இறங்கி நடந்தான்.

அவன் போனதும் எல்லாரும் ராஜகுமாரியின் பக்கம் திரும்பினார்கள். “ராஜி, மனசுல வச்சுக்காத...” “தெரியாமப் பேசிட்டோம் புள்ள...” பரமசிவனும் எங்கிருந்தோ வந்து, துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றான். அவளைச் சுற்றியிருந்த இரண்டு முழம் காலியிடம் நொடியில் நிரம்பிப்போயிற்று.

 ராஜகுமாரி மருதாம்பாளிடம் கையை நீட்டினாள். மருதாம்பாள் போனைக் கொடுத்தாள். கோயில் படியில் ஏறி நின்று, பெரட்டுக் களத்தில் கங்காணி கூப்பிடுகிற அதே தோரணையில், ராஜகுமாரி சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

“ஜெகதீசன்! பேரு வெட்டியாச்சு.”

விரல் போனைத் தட்டியது. கூட்டத்தில் கைதட்டினார்கள்.

“கருப்புசாமி!”

“இருக்கேன் ராஜி” என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

“என் கொடத்தத் தூக்கி எறிஞ்சது நீ. பேரு வெட்டியாச்சு.”

கைதட்டல் நின்றது. கருப்புசாமியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவன் முகம் செத்துப்போயிற்று.

“எல்லப்பன் மாமா! என்னையப் பாத்ததும் கதவச் சாத்துனீங்க. பேரு வெட்டியாச்சு. பரமசிவன்! சொல்லவே வேணாம். வெட்டியாச்சு.”

ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். ஒவ்வொருத்தரும் செய்ததைச் சொன்னாள். கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஒரு வாரமாகப் பேச ஆளில்லாமல் தொண்டையில் அடைத்திருந்ததெல்லாம் பேர் பேராக வெளியே வந்து விழுந்தது. ஆளுக்கொரு மூலையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஒருத்தரும் தடுக்கவில்லை. பேர் வெட்டினால் எப்படியிருக்கும் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் அதை இதுவரை தொரைதான் செய்திருக்கிறான்.

 மருதாம்பாள் இருபது வருஷத் தொழிலில் எத்தனையோ கோபத்தைப் பார்த்திருக்கிறாள். இவ்வளவு நியாயமான கோபத்தைப் பார்த்ததில்லை.

கடைசியில் ராஜகுமாரி படியிறங்கி, முக்காடு போட்டிருந்தவள் முன்னால் வந்து நின்றாள். அந்த வெளுத்த கையை எடுத்துத் தன் கறுத்த கையில் வைத்துப் பார்த்தாள். “நீதான் பனிப்பூவா?”

ரஞ்சனி தலையாட்டினாள்.

“கொழுந்து எடுக்கிறேன்னு சொன்ன.”

“பொய் சொன்னேன் அக்கா.”

“அந்தச் சட்டை எத்தன நாளாத் தெரியும்?”

“பதினஞ்சு நாளா.”

ராஜகுமாரி அவள் கையைப் பட்டென்று உதறினாள். யாரையும் பார்க்காமல், கொட்டகையை விட்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள். அவள் பின்னாலேயே பரமசிவன் ஓடினான். ரஞ்சனி நீட்டிய கை நீட்டியபடியே நின்றாள்.

டக்ளஸ் ரஞ்சனியையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பை ஊட்டிப் பக்கம் திருப்பினான்.  பைகாரா தாண்டியதும் பின் சீட்டில் டிங் என்று ஒரு சத்தம். ரஞ்சனி போனை எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

“என்ன எழவுடி, இங்க குடு” என்று மருதாம்பாள் பிடுங்கிப் பார்த்தாள்.

‘பெரட்டு’ குரூப். உறுப்பினர்கள் இரண்டு பேர். கீழே ராஜகுமாரி எழுதியிருந்தாள்:

‘பொய்க்காரி. உன் பேர வெட்டல. ஞாயித்துக்கெழம லயத்துக்கு வா. உன்ன நேர்ல வச்சுத் திட்டணும். சாப்பிடாம வா.’